காற்றுக்குழாயைத் திறந்து பார்த்தபின் முடிவு செய்

அன்புள்ள மகளுக்கு,

குழந்தையின் இருமல் இன்னும் அடங்கவில்லை என்றும், வீட்டு ஏசியின் காற்றுக்குழாய்களைச் சுத்தம் செய்ய ஆள் அழைக்கலாமா என்றும் கேட்டிருந்தாய். பணம் கொடுக்கும் முன், குழாய்க்குள் என்ன இருக்கிறது என்பதை உன் கண்ணால் பார்த்துவிடு.

அறைக்குள் காற்று வரும் துவாரத்தின் மூடியைத் திருகு கழற்றி எடுத்து, கைபேசியை உள்ளே நீட்டிப் படம் பிடி. மெல்லிய தூசுப் படலம் மட்டும் தெரிந்தால் கலங்காதே. அதில் பெரும்பகுதி குழாயின் சுவரில் ஒட்டியபடியே கிடக்கும், அறைக்கு வராது. குழாய்களைச் சுத்தம் செய்வது நோயைத் தடுக்கும் என்பது நிறுவப்படவில்லை என்றே அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் சொல்கிறது. 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை என்று இத்தொழிலில் இருப்போர் சொல்லும் கணக்கைவிட, நீ எடுக்கும் படத்தையே நான் நம்புவேன்.

பூஞ்சை படர்ந்திருந்தாலோ, எலியோ பூச்சியோ குடியிருந்த தடயம் தெரிந்தாலோ, தூசு அடைத்துத் துவாரத்தின் வழியே அறைக்குள் உதிர்ந்தாலோ தயங்காமல் ஆளைக் கூப்பிடு. ஆனால் பூஞ்சை என்றால் ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஏசியிலிருந்து பூஞ்சை வாடை வந்தபோது, நாங்கள் அதைச் செய்யாமல்தான் ஏமாந்தோம். வந்தவர்கள் குழாய்க்குள் தூரிகையை ஓட்டி, படுக்கை விரிப்பெல்லாம் தூசாக்கிவிட்டுப் போனார்கள். இரண்டே மாதத்தில் அந்த வாடை திரும்பி வந்தது. பிறகு பார்த்தால், குளிரூட்டும் சுருளுக்கு அடியில் இருக்கும் தட்டில் நீர் வடியாமல் தேங்கிக் கிடந்தது. வடிகுழாயின் அடைப்பை எடுத்த பிறகே வாடை நின்றது. குழாயின் உட்புறத்தில் கண்ணாடி இழை உறை இருந்து, அது நனைந்து பூஞ்சை பிடித்திருந்தால், சுத்தம் செய்வதில் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். கிருமிநாசினி தெளிக்கிறோம் என்று யாராவது சொன்னால், குழந்தை இருக்கும் வீட்டில் அதற்குச் சம்மதிக்காதே.

இன்றே ஏசியின் காற்று வடிகட்டியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார். ஒளி ஊடுருவாத அளவுக்குத் தூசு அப்பியிருந்தால் புதிது வாங்கி, ஓரத்தில் இடைவெளி இல்லாமல் பொருத்து. இருமலுக்குக் காரணம் குழாய்தான் என்று நாமே முடிவு கட்டாமல், குழந்தையை மருத்துவரிடம் காட்டு, இதைத் தள்ளிப்போடாதே.

படம் எடுத்ததும் எனக்கு அனுப்பு, சேர்ந்தே பார்ப்போம்.

அன்புடன்,
அப்பா