இறுகாத ஜெல்லி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தோம். மூன்று பாட்டில் நிறைய மஞ்சள் பாகு, கீழே "ஜெல்லி ஊத்திக்கிச்சும்மா" என்று ஒரு வரி. "அம்மா மாதிரியே பொண்ணு" என்று சிரிக்கிறார் அப்பா. அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் ஒன்று: அதைக் கொட்டிவிடாதே. அங்கே புல்வெளியில் களையாக முளைக்கும் டான்டெலியன் பூவில் பச்சைப் பாகம் கசக்கும் என்று மஞ்சள் இதழை மட்டும் கிள்ளிக் கிள்ளி நாலு கப் சேர்ப்பது லேசான வேலையா? போன மே மாதம் அங்கே இருந்தபோது நானும் உன்னோடு உட்கார்ந்து கிள்ளினேனே. காம்பிலிருந்து வந்த பால் விரலில் பழுப்பாக ஒட்டிக்கொண்டு இரண்டு நாள் போகவில்லை. கனடாவில் உங்கள் ஒன்டாரியோ மாகாணத்தில் 2009 முதல் வீட்டுப் புல்வெளிக்குக் களைக்கொல்லி அடிக்கத் தடை, பயப்படாமல் பறிக்கலாம் என்றாய். சரி, ஆனால் நாய்களுக்கு யார் தடை போட்டார்கள்? நடைபாதை ஓரத்துப் பூவைத் தொடாதே.

உன் ஜெல்லி இறுகாததற்குக் காரணம் நான்தான். கொய்யா ஜெல்லிக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கை அப்படியே பூவுக்குப் போட்டிருக்கிறாய். கொய்யாவில் பெக்டின், அதாவது ஜெல்லியை இறுகவைக்கும் பொருள், ஏராளம். சர்க்கரையும் எலுமிச்சையும் சேர்ந்தால் தானே கெட்டிப்படும். பூவை வெந்நீரில் ஊறவைத்து வடித்தால் நிறம் இறங்கும், தேன் மாதிரி ஒரு வாசம் இறங்கும். பெக்டின் இறங்காது. அதை வெளியிலிருந்துதான் கொடுக்க வேண்டும்.

கடையில் பெக்டின் பொடி கிடைக்கும். எனக்கு ஆப்பிள்தான் பிடிக்கும். புளிப்பான பச்சை ஆப்பிள் நாலைந்து வாங்கி, தோலையும் நடுத்தண்டையும் எடுக்காமல் நறுக்கு. பெக்டின் அங்கேதான் அதிகம். மூழ்கும் அளவு தண்ணீர் விட்டுக் குழைய வேகவைத்து, மெல்லிய துணியில் கட்டி இரவு முழுக்கத் தொங்கவிடு. அவசரப்பட்டுப் பிழிந்தால் ஜெல்லி கலங்கிவிடும். வடிந்த சாறும் அதே அளவு சர்க்கரையும் ஒரு எலுமிச்சம்பழச் சாறும் உன் பாகோடு சேர்த்துக் கொதிக்கவிடு. பெரிய பாத்திரமாக வை, நுரைத்துப் பொங்கும். ஒரு சின்னத் தட்டை முன்கூட்டியே ஃப்ரீசரில் வைத்துக்கொள். அதில் ஒரு துளி விட்டு, ஆறியதும் விரலால் தள்ளிப் பார். மேலே சுருக்கம் விழுந்தால் உடனே அடுப்பை அணை. விழாவிட்டால் இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டும்.

இனி என் கதை. பின்பக்க வேலியில் சங்குப்பூ தானாகவே படர்ந்து கிடக்கிறதல்லவா, உன் படத்தைப் பார்த்த ரோஷத்தில் அதில் ஜெல்லி செய்யப் போனேன். கடல்பாசி, அதாவது அகர் அகர், போட்டுத்தான். மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்துப் பெண்கள் கடலில் மூழ்கி எடுக்கிறார்களே, அந்த மரிக்கொழுந்துப் பாசியில் செய்வது. ஒரு லிட்டருக்குப் பத்து கிராம் போதும். முப்பது பூவில் தண்ணீர் பேனா மை மாதிரி நீலம். எலுமிச்சை விட்டதும் கண்ணெதிரே கத்தரிப்பூ நிறமானது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன், அடுப்பை அணைக்கவில்லை. புளிப்போடு கொதித்தால் கடல்பாசிக்கு வலு போய்விடும். எலுமிச்சையை இறக்கியபின்தான் விட வேண்டும் என்று தெரியும், தெரிந்தும் செய்தேன். மறுநாள் அப்பா அதை டம்ளரில் ஊற்றி, "சர்பத் நன்றாக இருக்கிறது" என்று குடித்தார்.

எதிர்வீட்டுப் பையன் அடுத்த மாதம் டொரோண்டோ வருகிறான். அவனிடம் கடல்பாசி இரண்டு பாக்கெட் கொடுத்தனுப்புகிறேன். ஆப்பிள் சேர்த்துக் காய்ச்சியதும், தட்டில் விட்ட அந்தத் துளியை மட்டும் படம் எடுத்து அனுப்பு. அப்பாவிடம் காட்ட வேண்டும்.

அன்புடன்,
அம்மா