கடல் இல்லாத நாடுகளை எதை வைத்து ஒப்பிடுவது

டர்பன்,
ஆடி மாதம்

அன்புள்ள மீனா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நம்மூரில் ஆடிக்காற்று அடிக்கும் இந்த நாளில் இங்கே தென்னாப்பிரிக்காவில் குளிர்காலம். சாட்ஸ்வொர்த் பக்கம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றத் தொடங்கிவிட்டார்கள். வீட்டில் தமிழ்ப் பேச்சு நின்றுபோன குடும்பங்கள்கூட இந்த வழக்கத்தை விடவில்லை.

வகுப்புக்காக நீ போட்ட அட்டவணையைப் பார்த்தேன். ஐ.நா. கணக்கில் கடற்கரை இல்லாத வளரும் நாடுகள் 32. அதில் 16 ஆப்பிரிக்காவில். அவற்றைத் தலா வருமானத்தையும் துறைமுகத்துக்குள்ள தூரத்தையும் வைத்து வரிசைப்படுத்தியிருக்கிறாய். தூரத்தை எடுத்துவிட்டு இரண்டு விஷயங்களைச் சேர்த்துக்கொள். அந்த நாடு வெளியே அனுப்பும் சரக்கு டன் என்ன விலை? கடலுக்குப் போக அதற்கு எத்தனை வழி? இவை இருந்தால்தான் உன் மாணவர்களுக்கு விஷயம் பிடிபடும். தூரம் மட்டும் இருந்தால் தப்பான முடிவுக்குத்தான் வருவார்கள்.

போட்ஸ்வானாவையும் ஜாம்பியாவையும் பக்கத்தில் பக்கத்தில் வை. ஜாம்பியாவுக்கு 1964இல் சுதந்திரம், போட்ஸ்வானாவுக்கு 1966இல். இரண்டும் ஒரே ஒரு கனிமத்தை நம்பிய நாடுகள். போட்ஸ்வானாவில் 1967இல் ஒராபாவில் வைரம் கண்டார்கள், 1982இல் ஜ்வானெங் சுரங்கம் திறந்தது. நல்ல ஆண்டில் நாடு முழுவதும் எடுப்பது 2.5 கோடி காரட். ஒரு காரட் 0.2 கிராம். பெருக்கிப் பார், மொத்தம் 5 டன். நாட்டின் ஓராண்டு ஏற்றுமதியில் பெரும்பங்கு ஒரு சின்ன லாரியில் அடங்கிவிடும், அதுவும் விமானத்தில் போகிறது. கடல் எங்கே இருந்தால் அதற்கென்ன?

ஜாம்பியாவின் செம்பு ஆண்டுக்கு 7 முதல் 9 லட்சம் டன். டர்பன் லாரிகளில் இன்டர்லிங்க் என்பது இரட்டை டிரெய்லர். வண்டி எடையோடு சேர்த்து 56 டன்தான் சட்ட வரம்பு, அதில் சரக்கு 34 டன் சுமாருக்குப் போகும். ஏழரை லட்சம் என்றே வைத்து 34ஆல் வகுத்தால் 22,000 லாரி லோடு. சுத்திகரித்த செம்பு கேத்தோடு தகடுகளாக வரும், இரண்டு, இரண்டரை டன் கட்டுகளாக இரும்புப் பட்டை போட்டு இறுக்கியிருப்பார்கள். ஒரு லாரியில் பதினான்கு கட்டு போட்டால் எடை முடிந்துவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் டிரெய்லர் முக்கால்வாசி காலி என்றுதான் தோன்றும்.

வாடகையின் பாரத்தை இப்படிக் கணக்குப் போட்டுக் காட்டு. எண்கள் எல்லாம் வகுப்புக்காக எடுத்த ரவுண்டு எண்கள். டர்பனிலிருந்து லுசாகாவுக்கு 30 டன் லாரிக்கு 4,500 டாலர் என்று வை, டன்னுக்கு 150. செம்பு டன் 9,000 டாலர் என்றால் வாடகை விலையில் இரண்டு சதவீதம்கூட இல்லை. யூரியா 450 என்றால் மூன்றில் ஒரு பங்கு. மக்காச்சோளம் 250 என்றால் பாதிக்கும் மேல். சிமென்ட் 100 என்றால் சரக்கைவிட வாடகை அதிகம். ஒரே ரோடு, ஒரே லாரி, ஒரே தூரம். சிமென்ட்டை உள்ளூரிலேயே செய்துகொள்ளலாம், உரத்தைப் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வாங்கியாக வேண்டும். அதனால் கடல் இல்லாததன் அடி முதலில் விவசாயி மேல்தான் விழுகிறது, சுரங்க முதலாளி மேல் அல்ல. தலா வருமானத்தில் இது தெரியவே தெரியாது.

மலாவி இதில்தான் மாட்டிக்கொள்கிறது. வெளியே போவது புகையிலை, தேயிலை, சர்க்கரை. உள்ளே வருவது எரிபொருள், உரம், கோதுமை, இயந்திரம். வரும் எடை போகும் எடையைவிட மிக அதிகம். ஜாம்பியாவுக்கு உரம் ஏற்றிப்போன வண்டி திரும்பும்போது செம்பு ஏற்றி வரும், வாடகையை இரண்டு லோடும் பங்கு போட்டுக்கொள்ளும். மலாவிக்குப் போன வண்டிக்கு ரிட்டன் லோடு கிடைப்பது அரிது. காலியாகத் திரும்பும் டீசலையும் அங்கே உரம் வாங்குபவர்தான் கட்டுகிறார். வரைபடத்தில் மொசாம்பிக் துறைமுகங்களான நகாலாவும் பெய்ராவும் மலாவிக்குக் கிட்டத்தில்தான் இருக்கின்றன. ஆனால் மொசாம்பிக்கில் 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் அந்த ரயில் பாதைகள் அறுந்து, மலாவிச் சரக்கு டர்பன்வரை சுற்றி வந்தது. 2019 மார்ச்சில் இடாய் புயல் பெய்ராவையே அடித்துப் போட்டது. இதற்கு மேல் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு. 2023 நவம்பரில் மலாவிப் பணமான குவாச்சாவின் மதிப்பைக் குறைத்ததில் டாலர் ஒரேயடியாக 44 சதவீதம் விலை ஏறியது. டாலர் இல்லையென்றால் எல்.சி., அதாவது விற்பவருக்குப் பணம் வரும் என்று வங்கி தரும் உறுதிக் கடிதம், உறுதியாகாது, எல்.சி. உறுதியாகாமல் எரிபொருள் தொட்டியை விட்டு நகராது. இதைத் துறைமுகத்தால் தீர்க்க முடியாது.

வழிகளின் எண்ணிக்கைக்கு ஜாம்பியாவின் வரலாறே போதும். 1965இல் ரோடீசியா (இன்றைய ஜிம்பாப்வே) தன்னிச்சையாகச் சுதந்திரம் அறிவித்தது. 1973இல் எல்லை மூடியது. 1975இல் அங்கோலாப் போரில், அந்நாட்டின் லோபிட்டோ துறைமுகத்துக்குப் போகும் பெங்குவேலா ரயிலும் நின்றது. தான்சானியாவின் தார் எஸ் சலாம் துறைமுகத்துக்குச் சீனா 1970-75இல் போட்ட 1,860 கி.மீ. டசாரா பாதைதான் அப்போது கைகொடுத்தது. ஆண்டுக்கு 20 லட்சம் டன் இழுக்கக் கட்டிய பாதை அது. என்ஜினும் வேகனும் பராமரிப்பும் குறையக் குறைய அதில் சிறு பங்குதான் ஓடியது. பாதை போடுவதற்குப் பணம் தர ஆள் வருகிறது, பதினைந்து வருடம் கழித்து உதிரிபாகம் வாங்கத் தர யாரும் வருவதில்லை. ஆப்பிரிக்க ரயில்களைப் பற்றி வகுப்பில் ஒன்றே ஒன்று சொல்வதாக இருந்தால் இதைச் சொல். செம்பு விலை சரிந்ததும் அதே 1975 வாக்கில்தான். வழியும் போய் விலையும் போனால் என்ன ஆகும் என்பதை அந்தப் பத்தாண்டு காட்டுகிறது.

இன்று ஜாம்பியாவுக்கு டர்பன், தார் எஸ் சலாம், பெய்ரா, நமீபியாவின் வால்விஸ் பே, லோபிட்டோ என்று ஐந்து திசையிலும் வாசல் உண்டு. ஒன்று அடைத்தால் இன்னொன்று. லெசோத்தோவைச் சுற்றி நாலு பக்கமும் தென்னாப்பிரிக்காதான். நேபாளத்துக்கு நடைமுறையில் இந்தியா ஒன்றுதான், 2015இல் எல்லையில் சரக்கு நின்றபோது காட்மண்டுவில் சமையல் எரிவாயுகூடக் கிடைக்கவில்லை. 1982 கடல் சட்ட உடன்படிக்கையின் 125ஆவது பிரிவு கடலுக்குப் போய்வர உரிமை தருகிறது. ஆனால் எந்த வழியில், எந்த நிபந்தனையில் என்பதை வழிவிடும் நாட்டோடு பேசித்தான் முடிக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது.

சரக்கு எல்லை கடக்கும் நடைமுறை என்ன என்று கேட்டிருந்தாய், அதற்கு வருகிறேன். லுசாகாவுக்கான சரக்கு டர்பனில் இறங்கும்போது தென்னாப்பிரிக்கா தீர்வை வாங்காது. கடந்து போகும் சரக்கு என்று டிக்ளரேஷன் போட்டு, தீர்வையும் வாட்டும் எவ்வளவோ அந்த அளவுக்குப் பாண்டு, அதாவது பிணை உத்தரவாதம், கொடுத்துவிட்டுத்தான் வண்டி கிளம்பும். ஜிம்பாப்வே எல்லையான பெயிட்பிரிட்ஜில், சரக்கு வெளியேறிவிட்டதென்று தென்னாப்பிரிக்கக் கஸ்டம்ஸ் பதிந்தால் அந்தப் பாண்டு விடுபடும். உடனே ஜிம்பாப்வேக்குள் இன்னொரு பாண்டு, மின்னணு சீல். சிருண்டுவில் ஜாம்பியா. அங்கே 2009 டிசம்பர் முதல் இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே வளாகத்தில் உட்கார்கிறார்கள். ஆப்பிரிக்காவில் முதலில் வந்த ஒற்றை நிறுத்தச் சோதனைச்சாவடி அதுதான்.

கெடுவது எங்கே தெரியுமா? பெரும்பாலும் காகிதத்தில். இன்வாய்ஸில் ஒரு எடை, பேக்கிங் லிஸ்டில் இன்னொரு எடை. டர்பனில் போட்ட சுங்கக் குறியீடு ஒன்று, லுசாகா ஏஜென்ட் போட்டது வேறொன்று. வண்டி எல்லைக்கு வருவதற்குள் முன்கூட்டிச் செய்ய வேண்டிய சுங்கப் பதிவு ஏறியிருக்காது. வெள்ளிக்கிழமை மாலை இதில் ஒன்று நடந்தால் திங்கள்வரை வண்டி அங்கேயே ஹால்டிங். வெளியேறிய பதிவு விட்டுப்போனால் இன்னும் மோசம். சரக்கு ஊர் போய்ச் சேர்ந்து மாதக்கணக்கான பிறகு, உள்நாட்டில் விற்றுவிட்டதாகக் கருதிக் கஸ்டம்ஸ் துறை ஏஜென்டிடம் தீர்வை கேட்கும். அதுவரை அந்தப் பாண்டை அடுத்த லோடுக்குப் பயன்படுத்த முடியாது. சின்ன ஏஜென்ட்கள் நொடித்துப்போவது இதில்தான். கன்டெய்னரும் ஒரு தலைவலி. கப்பல் கம்பெனி தரும் இலவச நாள்களுக்குள் லுசாகா போய் டர்பன் திரும்புவது கஷ்டம், டெபாசிட்டும் கேட்பார்கள். அதனால் பலர் இங்கேயே பிரித்துச் சரக்கைத் தார்ப்பாய் லாரியில் மாற்றுகிறார்கள். ஒரு தடவை கூடுதலாக ஏற்றி இறக்கினால் உடைசலும் திருட்டும் கூடும்.

காத்திருப்பின் செலவு வாடகையில் தெரியாது. வண்டி நிற்க நாளுக்கு 300 டாலர் என்றால், 5 நாளில் 1,500. 30 டன்னில் டன்னுக்கு 50 டாலர், அதாவது மேலே சொன்ன வாடகையில் மூன்றில் ஒரு பங்கு. இதைவிட வலிப்பது நிச்சயமின்மை. எப்போதும் 20 நாள் என்றால் கடைக்காரர் அதற்குத் தக்கபடி ஆர்டர் போடுவார். ஒரு தடவை 12, ஒரு தடவை 40 என்றால் ஒரு மாதச் சரக்கைக் கூடுதலாகக் கிடங்கில் வைத்தாக வேண்டும். ஆண்டு வட்டி 24 சதவீதம் என்று வை. ஒரு லட்சம் டாலர் சரக்கு சும்மா கிடந்தால் மாதம் 2,000 டாலர் வட்டி.

எல்லையில் ஒரு மாற்றம் எவ்வளவு செய்யும் என்பதற்குக் கசுங்குலா நல்ல உதாரணம். போட்ஸ்வானாவும் ஜாம்பியாவும் சந்திக்கும் அந்த இடத்தில் முன்பு சாம்பேசி ஆற்றைப் படகில் கடக்க லாரிகள் நாள்கணக்கில் வரிசையில் நின்றன. 2021 மே மாதம் 923 மீட்டர் பாலம் திறந்தது. ஜிம்பாப்வே எல்லையைத் தொடாமல் இருக்க அதை வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். பாலம் வந்ததும் பெயிட்பிரிட்ஜை விட்டு போட்ஸ்வானா வழியாகவும் போகலாம் என்றானது. ஜிம்பாப்வேயும் பெயிட்பிரிட்ஜைச் சீர்செய்தது. போட்டி வந்தால் எல்லைக்கும் வேகம் வருகிறது.

கரையில் நடப்பதையும் சேர்த்துச் சொல். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் கன்டெய்னர் முனையத்துக்குப் போகும் பேஹெட் ரோடு அரித்துப் போனது. 2023 நவம்பரில் கப்பல்கள் வெளியே வரிசையில் நின்றன. இதற்கெல்லாம் விலை லுசாகாவிலும் ஹராரேயிலும் ஏறியது. அந்த நாடுகள் இங்கே எந்தத் துறைமுக முடிவிலும் ஓட்டுப்போட முடியாது.

லெசோத்தோவைப் பற்றி ஒன்று. அது விற்பவற்றில் ஒன்று தண்ணீர். 1986 ஒப்பந்தப்படி 185 மீட்டர் உயர கட்சே அணையிலிருந்து சுரங்கக் குழாய் வழியாகத் தானாகவே ஜோகன்னஸ்பர்க் பக்கம் இறங்குகிறது. லாரியும் வேண்டாம், துறைமுகமும் வேண்டாம். ஆனால் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை தருவது ஆடைத் தொழில். ஆசியாவிலிருந்து துணி டர்பனில் இறங்கி, தலைநகர் மசேருவில் ஜீன்ஸாகி, மறுபடி டர்பன் வழியாக அமெரிக்கா போகிறது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா 50 சதவீத வரி அறிவித்தது. பிறகு 15 ஆகக் குறைத்தாலும் நடுவில் ஆர்டர்கள் நின்றுபோயின. தண்ணீர் விற்ற பணம் அரசுக்கு வருகிறது, தையல்காரியின் சம்பளத்துக்கு அது ஈடாகாது.

போட்ஸ்வானாவைப் பாராட்டி நிறுத்திவிடாதே. வைரப் பணத்தை 1994இல் புலா நிதியாக ஒதுக்கினார்கள், அதே ஆண்டு மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலிலிருந்தும் வெளியேறினார்கள். மனதாரச் சொல்கிறேன், நேர்மையான நிர்வாகம் அது. ஆனால் ஆய்வகத்தில் செய்த வைரம் சந்தையைப் பிடித்ததும் 2024இல் பொருளாதாரமே சுருங்கியது. டன் விலை அதிகமான ஒரே சரக்கு வழிச்செலவிலிருந்து காப்பாற்றும், விலைச் சரிவிலிருந்து காப்பாற்றாது.

சுவிட்சர்லாந்தை இந்த அட்டவணையில் சேர்க்காதே. அதைச் சுற்றியிருப்பவர்களே பணக்கார வாடிக்கையாளர்கள்.

நீ ஒரு உதவி செய். நேபாளச் சரக்கு கொல்கத்தாவிலிருந்தும் விசாகப்பட்டினத்திலிருந்தும் நேபாள எல்லை ஊரான பீர்கஞ்ச் போக ரயில் கட்டணம் டன்னுக்கு என்ன என்று உங்கள் தூத்துக்குடி ஏஜென்ட் யாரிடமாவது கேட்டு எழுது. இறக்குமதிக்கும் ஏற்றுமதிக்கும் தனித்தனியாக வேண்டும், காலி கன்டெய்னர் திரும்பும் கட்டணத்தையும் சேர்த்து. வந்தால் மலாவியோடு வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
கலைச்செல்வி