நொறுக்கிய ஐஸுக்குப் பதில் பெரிய கட்டிகள்: புகார்

அனுப்புநர்: இறால் பண்ணையாளர்கள், வேதாரண்யம் வட்டம், நாகப்பட்டினம் மாவட்டம்.

பெறுநர்: மேலாளர், ஐஸ் கம்பெனி.

ஐயா,

அறுவடைக்கு 2 செ.மீ. அளவில் நொறுக்கிய ஐஸ் கேட்டு முழுப் பணமும் கட்டினோம். வந்த லோடில் பாதிக்கு மேல் நாலைந்து கிலோ கட்டிகள். "எடை சரியாத்தானே இருக்கு" என்கிறார் உங்கள் டிரைவர். எடைக்காக மட்டும் நாங்கள் ஐஸ் வாங்கவில்லை.

ஒரு கிலோ ஐஸ் எந்த வடிவில் இருந்தாலும் கரையும்போது 80 கிலோகலோரி வெப்பத்தை எடுக்கும். எவ்வளவு சீக்கிரம் எடுக்கும் என்பது தண்ணீர் படும் பரப்பைப் பொறுத்தது. 5 கிலோ கட்டியில் கிலோவுக்குச் சுமார் 370 சதுர செ.மீ. பரப்புதான். 2 செ.மீ. துண்டுகளில் அது சுமார் 3,270. ஏறக்குறைய ஒன்பது மடங்கு! போதாக்குறைக்கு, கட்டியின் முனைகள் முதலில் கரைந்து அது உருண்டையாகிவிடும். ஒரே எடைக்கு மிகக் குறைந்த பரப்பு உருண்டைக்குத்தான்.

பிடித்த இறாலை உடனே குளிர்விக்கும் 500 லிட்டர் தண்ணீர் டேங்கை 30 டிகிரியிலிருந்து பூஜ்யத்துக்குக் கொண்டுவர 190 கிலோ ஐஸ் வேண்டும். அதில் 200 கிலோ இறால் போட்டால் இன்னும் 60 கிலோ. இத்தனையும் கணக்காகப் போட்டும் டேங்கின் மேல்மட்டத்தில் 2 டிகிரி, அடியில் 17 டிகிரி. எங்கள் தண்ணீர் உப்புத் தண்ணீர். கட்டி மிதந்து மெதுவாகக் கரைய, அந்த நல்ல தண்ணீர் கனம் குறைவென்பதால் மேலேயே படுத்துவிடுகிறது. துடுப்பால் கலக்கினாலும் கட்டி இடித்து இறால் நசுங்குகிறதே தவிர, அடிச்சூடு லேசில் இறங்குவதில்லை. உள்ளே போன இறால் உடனே அடங்காமல் துள்ளுகிறது. பிறகு தலை தளர்கிறது, கரும்புள்ளி சீக்கிரம் விழுகிறது, வியாபாரி விலையைக் குறைக்கிறார்.

இன்னொன்று. லோடில் வந்த நொறுக்காத 50 கிலோ ஐஸ் பார்கள் சிலவற்றில் நடுவே கை நுழையும் அளவு ஓட்டை. முழுக்க உறையுமுன் ஐஸ் உறைய வைக்கும் கேனிலிருந்து எடுத்தால் உள்ளிருக்கும் தண்ணீர் வடிந்து இப்படித்தான் ஆகும். எடையும் குறையும், உள்பக்கமும் கரைவதால் லாரியிலேயே பார் இளைத்துவிடும். நடுவில் வெள்ளையாக இருப்பதை நாங்கள் குறை சொல்லவில்லை, அது காற்றும் உப்பும் ஒதுங்குவதால் வருவது.

கிரஷரின் பற்களையும் சல்லடையையும் பாருங்கள். தேய்ந்திருந்தால் கட்டி அப்படியே நழுவி விழும். பாரைப் பாராகவே ஏற்றி, பண்ணைக் கரையில் நொறுக்கித் தந்தால் இன்னும் நல்லது, வழியில் கரைவது குறையும். இந்த லோடில் வந்த கட்டிகளுக்கும் ஓட்டைப் பார்களுக்கும் உரிய தொகையைத் திருப்பித் தந்து, அடுத்த அறுவடைக்கு முன் எழுத்தில் பதில் தர வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
இறால் பண்ணையாளர்கள்