செமஸ்டர் நிறைவுக் கடிதம்: சில செய்திகளும், கல்லூரிப் பாடங்கள் பற்றி ஒரு வேண்டுகோளும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இலையுதிர்கால செமஸ்டர் முடிவுக்கு வந்துவிட்டது. இசைக்குழுவின் குளிர்காலக் கச்சேரி சிறப்பாக நடந்தது. விவாதக் குழு கோப்பையுடன் திரும்பியது. நூலகக் கூரையின் ஒழுகல் ஒருவழியாக அடைக்கப்பட்டு, புத்தக அடுக்குகளுக்கு நடுவே நின்ற வாளிகளும் போய்விட்டன. உழைத்த எல்லோருக்கும் பாராட்டுகள்.

அடுத்தது டூயல் என்ரோல்மென்ட். பள்ளியில் இருந்துகொண்டே சமுதாயக் கல்லூரியில் பாடம் படித்து கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கிடப்படும் பாட அலகு) சேர்க்கும் மாணவர்கள் இந்த ஆண்டு கூடியிருக்கிறார்கள். மகிழ்ச்சிதான். இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட் தேவை. மூன்று கிரெடிட் பாடங்கள் நான்கை இங்கேயே முடிப்பவர், சேரும் பல்கலைக்கழகம் அவற்றை ஏற்றுக்கொண்டால், பத்தில் ஒரு பங்கைக் கடந்துவிடுகிறார். கல்லூரிக் கட்டணம் இருக்கும் இருப்பில் உங்கள் ஆர்வத்தில் வியப்பில்லை.

ஆனால் சென்ற மாதம் கல்லூரியிலிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. தாமதமாகத் தந்த கட்டுரைக்கு மதிப்பெண் கேட்டு, நம் மாணவர் ஒருவர் பேராசிரியருக்கு எழுதியிருந்தாராம். பணிவான, திருத்தமான கடிதம். அது அனுப்பப்பட்ட நேரம் காலை 10:40. அந்த நேரத்தில் அந்த மாணவர் நம் வேதியியல் ஆய்வகத்தில் கண்ணாடியும் கையுறையுமாக நின்றுகொண்டிருந்தார். அவருடைய செல்பேசி ஆசிரியரின் மேசையில் இருந்தது. கடிதத்தை எழுதியது யார் என்பதை ஊகிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. அதைவிட வருத்தம் தந்தது, நான் காட்டியபோது அதை முதன்முறையாகப் படித்த அந்தப் பிள்ளையின் முகம்.

இது ஒரு வீட்டின் கதை மட்டுமல்ல. இந்த செமஸ்டரில் பேராசிரியரைத் தொலைபேசியில் அழைத்தவர்கள் உண்டு. பிள்ளையின் கடவுச்சொல்லில் நுழைந்து வினாடி வினாவுக்கு விடை எழுதிக் கொடுத்தவர்களும் உண்டு. எல்லாம் அக்கறையில் செய்ததுதான், தெரியும். என் மகன் இப்படிப் படித்த காலத்தில், நள்ளிரவில் பேராசிரியருக்கு இரண்டு பக்கம் எழுதி, விடிந்ததும் அழித்தவன் நான்.

ஆயினும் இதை ஒளிவுமறைவின்றிச் சொல்லியாக வேண்டும். பிள்ளையின் பெயரில் நீங்கள் எழுதும் கடிதம் ஆள்மாறாட்டம். பிள்ளைக்காக நீங்கள் எழுதும் விடை, கல்லூரியின் பார்வையில் பிள்ளை செய்த மோசடி. விசாரணைக்கு அழைக்கப்படுவது நீங்கள் அல்ல. இனி இப்படி நடந்தால், அந்த மாணவரை அடுத்த செமஸ்டர் கல்லூரிப் பாடத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பேராசிரியர் உங்களிடம் பேச மறுப்பது திமிரினால் அல்ல. மாணவர் பதிவேடுகளின் தனியுரிமை பற்றிய, ஃபெர்பா எனப்படும் 1974ஆம் ஆண்டின் அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி, மாணவர் கல்லூரியில் சேர்ந்ததும் அந்தக் கல்லூரிப் பதிவேடுகள் மீதான உரிமை அவருக்குப் போய்விடுகிறது. வயது பதினாறாக இருந்தாலும் அப்படித்தான். நம் பள்ளியின் பதிவேடுகளைப் பதினெட்டு வயது வரை நீங்கள் கேட்டுப் பார்க்கலாம். கல்லூரி எங்களுக்கு அனுப்பும் கிரேடும் அதில் சேரும்.

பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் படித்துத் தேர்வு எழுதும் ஏ.பி. பாடங்களைப் போலவே பலரும் இதை எண்ணுகிறார்கள். மே மாத ஏ.பி. தேர்வில் ஐந்துக்கு 2 வந்தால், அதைப் பெரும்பாலும் கல்லூரிக்கு அனுப்பாமலே இருந்துவிடலாம். கல்லூரிப் பாடத்தில் வாங்கிய டி என்ற குறைந்த கிரேடு அப்படி மறையாது, கல்லூரியின் மதிப்பெண் பதிவான டிரான்ஸ்கிரிப்டில் நிலைத்துவிடும். பிறகு மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது, பள்ளிக் காலத்தில் படித்த கல்லூரிப் பாடங்களையும் காட்டியாக வேண்டும். (மருத்துவக் கனவு நம் வீடுகளில் எத்தனை என்பது எனக்குத் தெரியும்.) பாதியில் விலகினால் கிடைக்கும் டபிள்யூ என்ற விலகல் குறி, கிரேடு சராசரியைக் கெடுக்காது. ஆனால் பின்னாளில் நிதியுதவிக்கான முன்னேற்றக் கணக்கில், முயன்று முடிக்காத கிரெடிட்டாகச் சேரக்கூடும். விலகுவதற்கான கடைசி நாளும் கல்லூரியின் நாட்காட்டிப்படிதான், நம்முடையதன்படி அல்ல.

அப்படியானால் பெற்றோருக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. முதல் வாரத்தில் பாடத்திட்டத் தாளைப் பிள்ளையுடன் உட்கார்ந்து படியுங்கள். தாமதத்துக்கு எவ்வளவு மதிப்பெண் பிடிப்பார்கள் என்பது அதிலேயே இருக்கும். பேராசிரியருக்கு எழுத வேண்டுமென்றால் பிள்ளையே எழுதட்டும், தடுமாற்றத்தோடு எழுதினாலும் சரி. மாணவர்களைச் சந்திக்கப் பேராசிரியர் ஒதுக்கும் அலுவலக நேரத்தில் நேரில் போய்க் கேட்டால் இன்னும் நல்லது. சுமை கூடிவிட்டது என்று தோன்றினால், விலகும் நாளுக்கு முன்பே எங்கள் கவுன்சலரிடம் வாருங்கள். கல்லூரியுடன் பேசுவது எங்கள் பொறுப்பு.

அந்த ஆய்வக மாணவர் மறுநாளே பேராசிரியரைத் தாமே போய்ப் பார்த்தார். மதிப்பெண் கூடவில்லை. அடுத்த கட்டுரையை இரண்டு நாள் முன்னதாகவே கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

அதிகாலையில் எழுந்து கல்லூரி வாசல்வரை பிள்ளைகளைக் காரில் கொண்டுவிட்டு வேலைக்கு ஓடும் உங்கள் ஒவ்வொருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. வசந்தகால செமஸ்டருக்கான ஒப்புதல் படிவங்கள் விடுமுறைக்குப் பின் வீட்டுக்கு வரும். இம்முறை மாணவர் கையெழுத்துக்கும் ஓர் இடம் விட்டிருக்கிறோம். அதை மட்டும் அவர்களே போடட்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்