மடக்குக் கத்தி சேகரிப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை (யாம்பா பள்ளத்தாக்கு, வடமேற்குக் கொலராடோ)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவுக்குப் பிறகு நடந்தவற்றை இங்கே பதிவு செய்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். உறுப்பினர் சேர்க்கையும் முகவரி மாற்றங்களும் பதிவேட்டில் உள்ளன. பனியால் சாலை அடைபட்டுக் கூட்டங்கள் தள்ளிப்போனது எல்லோருக்கும் தெரிந்ததே.

அட்டைப் பதிவு

கூட்ட மேசைக்கு வரும் ஒவ்வொரு கத்திக்கும் ஓர் அட்டை எழுதுவது என்ற தீர்மானம் இந்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. முன்பக்கத்தில் செய்தவரின் முத்திரை, வகை, அலகுகளின் (வெட்டும் தகடுகளின்) எண்ணிக்கை, மூடிய நிலையில் நீளம், பிடி எதனால் ஆனது என்பவை. பின்பக்கத்தில் யார் வைத்திருந்தார், எந்தப் பண்ணை, எந்தக் கடையில் வாங்கியது, என்ன வேலைக்கு உதவியது, இதைச் சொன்னவர் யார், சொன்ன தேதி. முன்பக்கச் செய்தியை எந்த விலைப் பட்டியலிலும் பார்த்துக்கொள்ளலாம். பின்பக்கத்துக்கு நம் முதியவர்களை விட்டால் வேறு வழி கிடையாது. எனவே நேரம் போதாத கூட்டங்களில் பின்பக்கத்தை முதலில் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

சேகரிப்பு உலகின் தர வரிசையில் அலகு பாதி தேய்ந்த கத்திக்கு மதிப்பு இல்லை. பெட்டியிலிருந்து வெளியே வராத கத்திக்குத்தான் விலை. நம் பதிவேட்டுக்கு அந்த வரிசை பொருந்தாது என்பது என் கருத்து. மூன்று அலகு ஸ்டாக்மேன் கத்தியை (கால்நடை வளர்ப்போரின் கத்தியை) எடுத்துக்கொள்வோம். நீண்ட கிளிப் அலகு பொது வேலைக்கு. விளிம்பு நேராக இருக்கும் ஷீப்ஃபுட் அலகு கயிறு, தோல், குளம்பு ஆகியவற்றுக்கு. முனை மழுங்கிய ஸ்பே அலகு கன்றுகளையும் ஆட்டுக்குட்டிகளையும் காயடிப்பதற்கு. குத்தக்கூடாத இடத்தில் குத்திவிடாமல் இருக்கவே அந்த மழுங்கல் முனை. எந்த அலகு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால், வைத்திருந்தவரின் தொழில் ஓரளவு புரியும். கிளிப் மட்டும் மெலிந்திருந்தால் வைக்கோல் கட்டும் தீவன மூட்டையும் பிரித்த கை. ஸ்பே அலகு தேய்ந்து அதன் அடியில் துருக்குழிகள் இருந்தால் வசந்தகாலத் தொழுவ வேலை. துடைக்காமல் மடக்கிய ரத்தத்தின் உப்புதான் அந்தக் குழிகளை உண்டாக்குகிறது. ரப்பர் வளையம் போட்டுக் காயடிக்கும் முறை பரவிய பிறகு வாங்கிய கத்திகளில் ஸ்பே அலகு பெரும்பாலும் புதிதாகவே இருக்கிறது. ஆகவே அட்டையில் "தேய்ந்தது" என்று மட்டும் எழுதாமல் ஒவ்வோர் அலகுக்கும் தனித்தனியே எழுதுங்கள்.

சிலர் பிடியிலுள்ள உலோகச் சின்னத்தில் பண்ணைச் சூட்டுக்குறியைக் கீறி வைத்திருக்கிறார்கள். அதை மாநிலச் சூட்டுக்குறிப் புத்தகத்தோடு ஒப்பிடலாம். ஆனால் சூட்டுக்குறி என்பது வடிவம் மட்டுமல்ல, மாட்டின் உடலில் அது இடப்படும் இடமும் சேர்ந்ததே. ஒரே வடிவம் இடது விலாவில் ஒருவருக்கும் வலது தொடையில் இன்னொருவருக்கும் உரிமையாக இருக்கலாம். கத்தியில் விலாவும் இல்லை, தொடையும் இல்லை. குடும்பத்தாரின் வாய்மொழி இல்லாத இடத்தில் "இன்ன பண்ணையாக இருக்கலாம்" என்பதற்கு மேல் எழுத வேண்டாம்.

கடைப் பெயர்க் கத்திகள்

இந்த ஆண்டு மேசையில் அதிகம் பேசப்பட்டவை விலையுயர்ந்த கத்திகள் அல்ல. வங்கியும் தீவனக் கடையும் கம்பளிக் கிடங்கும் விளம்பரத்துக்காக இனாமாகக் கொடுத்த சிறு கத்திகளே. இவற்றில் ஆண்டு பொறிக்கப்படுவதில்லை. காலத்தைக் கணிக்க நாம் பின்பற்றும் வழி இது.

முதலில் ஊரும் கவுண்டியும் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி). கிரெய்க் ஊர் இருக்கும் மோஃபட் கவுண்டி 1911-இல்தான் ரூட் கவுண்டியிலிருந்து பிரிந்தது. "கிரெய்க், ரூட் கவுண்டி" என்று அச்சிட்ட கத்தி அதற்கு முந்தையது. மவுண்ட் ஹாரிஸ் நிலக்கரி ஊர் 1958-இல் மூடப்பட்டுவிட்டது. அந்த ஊர்க் கடையின் பெயர் இருந்தால் கத்தியின் காலத்துக்கு மேல் எல்லை அங்கேயே நின்றுவிடும். அடுத்து மாநிலத்தின் பெயர். சுருக்கம் "கொலோ." என்ற பழைய ஆங்கில நான்கெழுத்தாக இருந்தால் பெரும்பாலும் 1963-க்கு முன்பு. "சி.ஓ." என்ற இரண்டெழுத்தும் ஐந்திலக்க அஞ்சல் எண்ணும் அந்த ஆண்டில்தான் வந்தன. ஆனால் பழைய சுருக்கத்தைப் பல கடைக்காரர்கள் அதன் பிறகும் விடவில்லை. எனவே புதிய சுருக்கம் உறுதியான சான்று, பழையது வெறும் குறிப்பு. தொலைபேசி எண் இரண்டு மூன்று இலக்கத்தில் இருந்தால், அந்த ஊரின் பழைய தொலைபேசிப் புத்தகத்தில் அதே கடையைத் தேடுங்கள். எண் மாறிய ஆண்டு கிடைத்தால் கத்தியின் காலம் சில ஆண்டுகளுக்குள் அடங்கிவிடும்.

மொத்த வியாபாரிகளின் பெயரில் வந்தவை வேறு வகை. செயின்ட் லூயிஸ் சிம்மன்ஸ் நிறுவனத்தின் கீன் கட்டர், சிகாகோ ஹிப்பர்ட் நிறுவனத்தின் ஓ.வி.பி. ஆகிய முத்திரைக் கத்திகள் பல ஊர் இரும்புக் கடைகளுக்குப் போனவை. ரயில் கிரெய்க்கை எட்டியது 1913-இல். அதற்கு முன் எல்லாச் சரக்கும் குதிரை வண்டியில் வந்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்த ஐ.எக்ஸ்.எல். முத்திரைக் கத்திகளில் "இங்கிலாந்து" என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்ற 1890 அமெரிக்கச் சுங்கச் சட்டம் மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது; ஆகவே அந்தச் சொல் இருந்தால் கத்தி பெரும்பாலும் அதற்குப் பிந்தையது.

கேஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கத்திகளில் ஆண்டைக் காட்டும் புள்ளிக் கணக்கை மறுபடி மறுபடி கேட்கிறார்கள். இதோ: 1970-இல் முத்திரைக்குக் கீழே 10 புள்ளிகள், ஆண்டுக்கு ஒன்று குறைந்து 1979-இல் ஒரே புள்ளி. 1980-இலிருந்து முத்திரையிலுள்ள ஆங்கில எஸ் எழுத்து மின்னல் கீற்றுப்போல் கூர்மையாக, மறுபடியும் 10-இலிருந்து இறக்கம். ஆகவே சாதாரண எஸ் என்றால் 1980-இலிருந்து புள்ளிகளைக் கழியுங்கள், மின்னல் எஸ் என்றால் 1990-இலிருந்து. இதில் ஒரு வில்லங்கம் உண்டு. முத்திரையைச் சக்கரத்தில் மெருகேற்றும்போது ஒரு புள்ளி அழிந்தால் கத்திக்கு ஒரு வயது குறைந்துவிடும். புள்ளிகளின் இடைவெளி சீராக இருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பார்த்த பிறகே ஆண்டை எழுதவும்.

வெஸ்டர்ன் கத்திகள்

நம் மாநிலத்துக் கத்தி என்று உரிமையோடு சொல்லத்தக்கது வெஸ்டர்ன். ஷெஃபீல்டிலிருந்து வந்த சார்லஸ் பிளாட்ஸின் மகன் எச்.என். பிளாட்ஸ், நியூயார்க், பென்சில்வேனியா பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர், கேஸ் குடும்பத்துப் பெண்ணை மணந்தவர். சாணைத் தூசியால் கெட்டுப்போன நுரையீரலுக்கு வறண்ட மலைக்காற்றைத் தேடி வந்தவர் 1911-இல் போல்டரில் தொழில் தொடங்கினார். நிறுவனம் பிறகு லாங்மாண்டுக்கு மாறியது. 1984-இல் அதைக் கோல்மன் நிறுவனம் வாங்கியது, 1991-இல் கமிலஸ் என்ற கத்தி நிறுவனத்தின் கைக்குப் போனது. கமிலஸும் 2007-இல் மூடப்பட்டது. "வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ், போல்டர்" என்ற முத்திரை பழையது. 1977-இலிருந்து முத்திரையில் ஆண்டுக்கு ஓர் ஆங்கில எழுத்து, ஏ முதல் வரிசையாக. நம் சேகரிப்பில் பழைய முத்திரைகள் குறைவு. வெஸ்டர்ன் கத்தி உள்ளவர்கள் அட்டை எழுதாமல் யாருக்கும் விற்க வேண்டாம் என்பது செயற்குழுவின் வேண்டுகோள்.

பராமரிப்பு: இந்த ஆண்டு கெட்டவையும் காரணமும்

அதிக சேதம் செல்லுலாய்டு (பழைய வகைப் பிளாஸ்டிக்) பிடிகளால். பழைய விளம்பரக் கத்திகளின் ஒளி ஊடுருவும் பிடிகளும் முத்துச் சிப்பி போல மினுங்கும் பிடிகளும் பெரும்பாலும் இந்தப் பொருள்தான். இது நாளடைவில் சிதைந்து அமில ஆவியை விடும். தன் அலகை மட்டுமல்ல, அதே பெட்டியிலுள்ள அடுத்த கத்திகளின் அலகையும் துருப்பிடிக்க வைக்கும். பிடியில் வெடிப்பும் மஞ்சள் படர்வும், பித்தளைத் தகட்டில் பச்சைக் களிம்பும், அருகிலுள்ள அலகில் புதுத்துருவும் சேர்ந்து தெரிந்தால் அன்றே பிரித்து வைக்கவும். காற்றுப் புகாத உறையில் அடைத்தால் ஆவி உள்ளேயே தங்கிச் சிதைவு வேகமாகும். காற்றோட்டமுள்ள தனித் தட்டில், வெயில் படாமல் வைப்பதே வழி. தோல் உறையிலும் எந்தக் கத்தியையும் நெடுநாள் விடாதீர்கள். பதனிட்ட தோலின் அமிலமும் ஈரமும் பித்தளையை அரிக்கும்.

பிடி எலும்பா பிளாஸ்டிக்கா என்று அறியச் சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் பழக்கத்தைச் சங்க மேசையில் தடை செய்திருக்கிறோம். செல்லுலாய்டு தீப்பற்றக்கூடியது. 10 மடங்கு உருப்பெருக்கியே போதும். எலும்பில் கரும்புள்ளிகளாக நுண்துளைகள் தெரியும், டெல்ரின் என்ற பிளாஸ்டிக்கில் தெரியாது. மான்கொம்பு என்றால் இரு பக்க வரிகளும் ஒன்றுபோல் இருக்காது. பழைய கத்திகளின் கொம்பு பெரும்பாலும் இந்தியக் கடமானுடையது. காட்டில் உதிர்ந்ததைப் பொறுக்கி ஏற்றுமதி செய்துவந்ததை இந்தியா 1990-களின் இறுதியில் நிறுத்தியது. பிடி உடைந்தால் அதே கொம்பு கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

கிரெய்க் கடல்மட்டத்துக்கு மேல் 6,200 அடி உயரத்தில், வறண்ட காற்றில் இருக்கிறது. ஈரமான கிழக்குப் பகுதியிலிருந்து வாங்கும் எலும்புப் பிடிகள் இங்கே வந்ததும் சுருங்கி, ஆணியைச் சுற்றி மயிர்க்கோடாக வெடிக்கின்றன. வந்த கத்தியை அடுப்புக்கோ வெப்பக் குழாய்க்கோ அருகில் வைக்காமல், பெட்டியோடு சில வாரம் குளிர்ந்த அறையில் விட்டு, பிறகு ஒரு சொட்டு மினரல் ஆயிலைப் பிடியில் துணியால் தேயுங்கள். சமையல் எண்ணெய் பிசுக்காகும்.

மூட்டுச் சுத்தம்: அலகைப் பாதி திறந்து, மூட்டில் மண்ணெண்ணெய் விட்டு, பத்திருபது முறை மெதுவாகத் திறந்து மூடவும். கறுப்பு அழுக்கு வெளியே வரும். துடைத்துவிட்டு, தெளிவாக வரும்வரை மறுபடி செய்யவும். முழுக்க உலர்ந்த பிறகு மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய். துருவுக்கு எண்ணெயில் ஊறவைத்த மிக நுண்ணிய, நான்கு பூஜ்ய ரக எஃகுப் பஞ்சு, அலகின் நீளவாக்கில் மட்டும். அலகில் பொறிப்பு இருந்தால் அந்த இடத்தைத் தொடவே கூடாது. கார்பன் எஃகில் படியும் சாம்பல் நிறம் துரு அல்ல, அதைச் சுரண்டியவர்கள் கத்தியின் மதிப்பைச் சுரண்டினார்கள்.

சாணை பிடித்துப் பிடித்து அலகு குறுகினால் மூடியபோது முனை வெளியே நீட்டும். அலகின் அடிமேட்டை (மூடும்போது ஸ்பிரிங்கில் அமரும் மேட்டை) அரத்தால் துளி குறைத்தால் முனை உள்ளே அமரும். இரண்டு இழுப்புக்கு ஒருமுறை மூடிப் பார்க்கவும். அளவு மிஞ்சினால் கூர் ஸ்பிரிங்கில் மோதி ஒவ்வொரு மூடலிலும் பல் விழும், அதைத் திருப்ப முடியாது. "டக்" ஓசைக்காக அலகை விட்டுத் தட்டி மூடுவதும் அதே கேட்டைத் தரும்.

ஆஸ்பென் மரங்கள்

பாஸ்க் (ஸ்பெயின், பிரான்ஸ் எல்லைப் பகுதி மக்கள்), கிரேக்க, நியூ மெக்சிகோ மேய்ப்பர்கள் மடக்குக் கத்தியால் ஆஸ்பென் மரங்களில் கீறிய பெயரும் ஆண்டும் நம் பள்ளத்தாக்கின் இன்னொரு பதிவேடு. கைதேர்ந்தவர் கத்தி முனையால் மயிரிழை ஆழத்தில் கோடு கீறுவார். அப்போது எதுவும் தெரியாது, ஆண்டுகள் போகப் போகத் தழும்பு கறுத்துத் தடிக்கும். ஆழமாகச் செதுக்கினால் எழுத்து பிளந்து உருக்குலையும், காயத்தில் பூஞ்சை நுழையும். ஆஸ்பென் நூறாண்டை ஒட்டி வாழும் மரம். 2002 வறட்சிக்குப் பிறகு கொலராடோவில் தோப்புத் தோப்பாகப் பட்டுப்போயின. இந்த வேலை காத்திருக்காது.

பதிவு முறை: காலையிலோ மாலையிலோ சாய்வெளிச்சத்தில் படம், மரத்தோடு சேர்த்து ஓர் அளவுகோல், நான்கு திசையிலிருந்தும் படம், மார்பு உயரத்தில் மரத்தின் சுற்றளவு, இடத்தின் ஜி.பி.எஸ். குறியெண். சுண்ணக்கட்டியால் எழுத்தை நிரப்பக்கூடாது. தேதி வாசிப்பில்தான் பிழை வருகிறது. ஐரோப்பியர் எழுதும் 1-இன் மேற்கொம்பு நீண்டு 7 போலத் தெரியும், அவர்கள் 7-க்குக் குறுக்குக் கோடு போடுவார்கள். பெயர்களில் பி-யும் வி-யும் இடம் மாறும். பார்த்ததைப் பார்த்தபடி எழுதி, ஊகத்தை அடைப்புக்குள் தனியே எழுதவும். தேசிய வனத்தில் மரத்தைக் கீறுவது குற்றம், நம் உறுப்பினர் எவரும் தம் பெயரைச் சேர்க்க வேண்டாம். மரம் இருக்கும் இடத்தைப் பொதுவில் சொல்லவும் வேண்டாம்.

மேசை ஒழுங்கும் குடும்பங்களும்

புதியவர்களுக்காக: கத்தியை மூடியே கொடுக்கவும், திறக்கும் முன் கேட்கவும், அலகை விரலால் தொட்டால் துடைத்துத் தரவும். திறந்து கொடுத்தால் திறந்தே, மூடிக் கொடுத்தால் மூடியே திருப்பித் தருவது இங்கத்திய வழக்கம். கத்தியைப் பரிசளித்தால் நட்பு அறுந்துவிடும் என்பதால் ஒரு சென்ட் நாணயத்தைச் சேர்த்துத் தருவதும், வாங்கியவர் அதையே விலையாகத் திருப்பித் தருவதும் தொடர்கின்றன. நம்பாதவர்களும் சென்ட்டை மறப்பதில்லை.

மறைந்த உறுப்பினரின் சேகரிப்பைக் குடும்பம் விற்க நினைத்தால், இரண்டு உறுப்பினர்கள் தனித்தனியே எழுத்தில் மதிப்பிட வேண்டும். மதிப்பிட்டவர் அதே சேகரிப்பிலிருந்து ஓராண்டுக்கு எதையும் வாங்கக் கூடாது. இந்த விதி சிலருக்குக் கடுமையாகப் படுகிறது. நண்பரின் மனைவியிடம் மலிவாக வாங்கினார் என்ற பேச்சு எழுந்தால் மறுவாரம் மேசையில் யாரும் யாருக்கும் கத்தியை நீட்டமாட்டார்கள். விதியைத் தளர்த்தும் திருத்தம் இன்றைய நிகழ்ச்சி நிரலில் ஐந்தாவதாக இருக்கிறது. செயற்குழு அதை ஆதரிக்கவில்லை.

வரும் ஆண்டுக்கு மூன்று பணிகள்: அட்டைகளை இரண்டாம் படி எடுத்து வேறு கட்டடத்தில் வைப்பது, செல்லுலாய்டு பிடிகளுக்குத் துளையிட்ட தனித் தட்டு செய்வது, பனி உருகியதும் எல்க்ஹெட் மலைத் தோப்புகளில் பதிவு தொடங்குவது. தட்டு செய்ய மரவேலை தெரிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் தரவும்.

அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்