மைலேஜ் கூடியதா? அளந்த விதத்தையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரின் முன்கிரில்லை அட்டையால் மூடியும், அடிப்பகுதியில் பிளாஸ்டிக் தகடு பொருத்தியும், பின்புறத்தை வால்போல நீட்டியும் காற்றுத் தடையைக் குறைத்து மைலேஜைக் கூட்டிவிட்டதாகக் கூறும் செய்திகளும் காணொளிகளும் பெருகி வருகின்றன. கைப்படச் செய்து பார்க்கும் இந்த ஆர்வத்தை மதிக்கிறேன். 1970களில் கலிஃபோர்னியாவில் உள்ள நாசா ஆய்வு மையம், பெட்டி வடிவ வேன் ஒன்றின் கூர்முனைகளை வளைவாக்கியே காற்றுத் தடையை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துக் காட்டியது. அங்கே ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியே அளந்தார்கள். இங்கே அந்த அளவீடுதான் விடுபட்டுப் போகிறது.

நாகர்கோவில்–திருநெல்வேலி நான்குவழிச் சாலையையே எடுத்துக்கொள்வோம். ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசும் காற்றை இப்பகுதியினர் நன்கறிவர். 80 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் 20 கி.மீ. வேக எதிர்க்காற்றைச் சந்தித்தால், காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், 56 விழுக்காடு கூடும். அதே காற்று பின்னாலிருந்து வீசினால் 44 விழுக்காடு குறையும். போய்த் திரும்பினால் சரியாகிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியும் சராசரித் தடை 6 விழுக்காடு அதிகமாகவே நிற்கும். ஒட்டிய தகட்டால் கிடைக்கக்கூடிய பயனே ஏறத்தாழ அவ்வளவுதான் என்னும்போது, காற்று வீசும் நாளில் எடுத்த எண்ணுக்கு என்ன மதிப்பு இருக்க முடியும்? காலை 25 டிகிரியிலும் நண்பகல் 38 டிகிரியிலும் ஓட்டினால் காற்றின் அடர்த்தி மட்டுமே 4 விழுக்காடு மாறி, தடையையும் அதே அளவு மாற்றிவிடுகிறது.

டேங்கை நிரப்பிக் கணக்கிடும் வழக்கமும் குறுகிய தூரத்துக்கு உதவாது. பங்க்கில் நாசில் தானாக நிற்கும் இடம் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இராது. 5 லிட்டர் செலவில் அரை லிட்டர் பிசகினால் 10 விழுக்காடு பிழை. காற்று அடங்கிய விடியற்காலையில், டயர்கள் சூடேறிய பின், ஒரே அழுத்தத்தில், ஏ.சி. இன்றி, ஒரே ஓட்டுநர் இரு திசையிலும் பலமுறை ஓட்ட வேண்டும். தகட்டுடன் ஓட்டியபின் அதைக் கழற்றிவிட்டும், மீண்டும் மாட்டியும் ஓட்ட வேண்டும். மாட்டும்போதெல்லாம் கூடி, கழற்றும்போதெல்லாம் குறைந்தால் மட்டுமே அந்தப் பயனைத் தகட்டின் கணக்கில் எழுதலாம். நகர நெரிசலில் ஓடும் காருக்கு இதனால் ஏதும் பெரிதாகக் கிடைக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கிரில்லை மூடுவோர் கோடையில் இன்ஜின் வெப்பத்தைக் கவனிக்காவிட்டால் மிச்சப்படுத்தியதைப்போலப் பல மடங்கு இழக்க நேரும். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது. வாலை நீட்டுவோர் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரிப்பது நல்லது.

எனவே, இத்தகைய செய்திகளை வெளியிடும்போது வேகம், காற்று, எத்தனை முறை ஓட்டப்பட்டது, கழற்றி ஓட்டினார்களா என்ற விவரங்களையும் கேட்டு வெளியிடுமாறு தங்களை வேண்டுகிறேன். காரைவிட லாரியில்தான் இதன் பயன் பெரிது. நாமக்கல்லில் லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறைகளுடன் நம் பொறியியல் கல்லூரிகளின் ஆட்டோமொபைல் துறைகள் சேர்ந்து, கேபினின் மேல் பொருத்தும் காற்றுத் தடுப்புகளை இம்முறையில் சோதித்து முடிவுகளை வெளியிட முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
நாகர்கோவில்