சர்ச்சாக இருந்த உன் லைப்ரரி

பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, கிளாஸ் இருக்கு" என்பாய். அதனால்தான் கடுதாசி.

லண்டன் வைட்சாப்பலில் நீ படிக்கிற மெடிக்கல் லைப்ரரி முன்பு செயின்ட் பிலிப்ஸ் சர்ச்சாக இருந்தது என்று போகிற போக்கில் சொன்னாய். போனை வைத்ததும் ஸ்டூல் போட்டு ஏறிப் பரணிலிருந்து வரலாற்றாசிரியர் கிரீனின் புத்தகத்தை இறக்கினேன். எம்.ஏ. படிக்கும்போது மூர் மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கியது. அட்டை ராமபாணம் தின்ற மிச்சம்.

ஜான் ரிச்சர்ட் கிரீன் 1860களில் அந்தக் கோயிலின் பாதிரியார். நீ பார்க்கும் கட்டடம் அவர் காலத்துக்குப் பிறகு அதே இடத்தில் எழுப்பியது. 1866-ல் அந்தப் பக்கம் காலரா. லண்டனில் ஐயாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள், பெரும்பாலும் உன் கிழக்கு லண்டன்காரர்கள். தண்ணீர்க் கம்பெனி குழாயில் விட்ட அசுத்த நீர்தான் காரணம். ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கி நோயாளிகளைப் பார்த்தவர் கிரீன். 1869-ல் அவருக்கே காசநோய், வேலையை விட்டார்.

எத்தனை நாள் உயிரோடு இருப்போம் என்று தெரியாமல்தான் ஆங்கில மக்களின் சுருக்க வரலாற்றை எழுதினார். 1874-ல் வந்தது. மாக்மில்லன் 350 பவுன் கொடுத்து உரிமையை வாங்கியது. முதல் வருஷமே 30,000 பிரதிக்கு மேல் போனதும், கொடுத்தது போதாது என்று ராயல்டியும் தந்தது. ராஜாக்களையும் படையெடுப்புகளையும் ஓரங்கட்டிவிட்டு, கிரெஸி போரைவிடக் கவிஞர் சாசருக்கும், அரியணைக்காக நடந்த ரோஜாப் போர்களைவிட இங்கிலாந்தின் முதல் அச்சகக்காரர் காக்ஸ்டனின் அச்சுக்கூடத்துக்கும் அதிக இடம் கொடுத்தார். இதைப் படித்திருந்தும் முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் போர் நடந்த வருஷங்களைத்தான் ஒப்பிக்கச் சொன்னேன். பரீட்சையில் அதைத்தானே கேட்டார்கள்!

தேதிப் பிழைகள் நிறைய என்று விமர்சகர்கள் பிடித்துக்கொண்டார்கள். என் குறை வேறு. இங்கிலாந்தின் எப்ஸ்ஃப்ளீட் கரையில் ஆங்கிலேயரின் முன்னோர் வந்திறங்கியதைப் புல்லரித்து எழுதுகிறார். கரையில் ஏற்கெனவே இருந்தவர்களை அவசரமாக ஒதுக்கித் தள்ளிவிடுகிறார்.

அதனால்தான் எனக்கு அவர் மனைவி ஆலிஸைப் பிடிக்கும். அயர்லாந்துக்காரி, 1877-ல் அவரைக் கட்டிக்கொண்டாள். அவரால் பேனா பிடிக்க முடியாதபோது அவர் சொல்லச் சொல்ல எழுதி எழுதித் தன் கையைக் கெடுத்துக்கொண்டாள். அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்ததிலிருந்து அவர் கணக்கு நோட்டை நான்தான் எழுதுகிறேன். கட்டை விரலடியில் எங்கே வலிக்கும் என்று எனக்குத் தெரியும். 1883-ல், 45 வயதில், பிரான்ஸின் மென்டோனில் கிரீன் போய்ச் சேர்ந்தார். முடிக்காமல் விட்ட புத்தகத்தை அவள்தான் அச்சுக்குக் கொண்டுவந்தாள். அப்புறம் 1908-ல் அயர்லாந்து எப்படி உருவானது, எப்படிக் குலைக்கப்பட்டது என்று தானே ஒரு புத்தகம் எழுதினாள். ஆங்கில மக்களின் கதையை எழுதிக்கொடுத்த அதே கை! 1922-ல் சுதந்திர அயர்லாந்தின் செனட்டிலும் உட்கார்ந்தாள்.

லைப்ரரியில் எங்காவது கிரீன் பேர் பொறித்திருக்கிறதா என்று பார். இருந்தால் போட்டோ எடுத்து அனுப்பு, அப்பாவுக்கும் காட்ட வேண்டும். புத்தகத்தை அனுப்பச் சொல்லாதே, ராமபாணமும் சேர்ந்து விமானம் ஏறிவிடும். பருப்புப் பொடி தீர்ந்துவிட்டதா?

அம்மா